என் சமயம் விடாது என்றேன்

ஊரில் எட்டு வருடம் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். மோட்டர் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். லண்டனுக்கு வந்தபிறகு அதன் எட்மண்டன் பகுதியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த பெயர் உதவியாள். ஏணி பிடிக்க வேண்டும், வயர் இழுக்க வேண்டும், வெட்டிய துண்டுகளைக் கூட்டி அள்ள வேண்டும். எண்பதுகளின் கடைசி அது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே மின்வேலைக்குள் போக இரண்டு வழி இருந்தது. யூனியனில் சேர்ந்தவர்களைத்தான் தொழிற்சாலை தன் சொந்த ஆட்களாக எடுக்கும். கிழமையில் ஒருநாள் கொலிஜுக்கு அனுப்பும், முடிவில் எலக்ட்ரீஷியன் என்ற கார்ட் கிடைக்கும். யூனியன் வேண்டாம் என்றால் கொன்றாக்டரின் வேனில் வந்து இறங்கலாம். இந்த மாதம் பிஸ்கட் தொழிற்சாலை, அடுத்த மாதம் சவர்க்காரத் தொழிற்சாலை, எங்கே போனாலும் உதவியாள்தான். நான் வேனில் வந்தவன், சுற்றிச் சுற்றி இந்த பிஸ்கட் தொழிற்சாலைக்கே திரும்பி வருவேன். கார்ட் இல்லாதவனை எவனும் ஒரு சுவிட்ச் பனலைத் திறக்க விடமாட்டான். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கார்ட் ஒன்றுதான்.

ஒருநாள் மாவு பிசையும் மெஷின் நின்றுபோனது. கார்ட் வைத்திருந்த இருவர் பாதி நாள் தலையைச் சொறிந்தார்கள். பொறுக்க முடியாமல் நான் போய் இடத்தைக் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற யூனியன் பொறுப்பாளர், ஒரு ஐரிஷ்காரர், அன்றைக்கே ஒரு படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். "இதை நிரப்பிக் கொடு, மிச்சத்தை நான் பேசுகிறேன்" என்றார்.

ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் நாங்கள் ஐந்துபேர் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்போம். படிவத்தைக் கண்டதும் சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார்.

"விசரே உனக்கு? அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. யூனியன் எண்டால் அரசியல். நாளைக்கு அரசாங்கம் லிஸ்டை எடுத்துப் பாத்தால் உன்ர பேரும் கிடக்கும்."

"இஞ்சை அப்பிடிச் செய்யமாட்டாங்கள் அண்ணை."

"ஊரிலையும் அப்பிடித்தான் சொன்னனாங்கள். லிஸ்டிலை பேர் இருந்த பெடியளை ஆமி பிடிச்சுக்கொண்டு போகேல்லையே? மறந்துபோனியே?"

மறக்கவில்லை. அதனால்தான் கையெழுத்து வைக்கவில்லை.

ஆனால் பயம் என்று அந்த ஐரிஷ்காரரிடம் எப்படிச் சொல்வது? அடுத்தநாள் நிரப்பாத படிவத்தைத் திருப்பி நீட்டியபோது, "என் சமயம் சங்கங்களில் சேர விடாது" என்று வாய் தானாகச் சொன்னது. சுத்தப் புளுகு. வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் சாப்பிடாததோடு எங்கள் சமயம் முடிந்துவிடும். ஒரு கோயிலுக்கு மூன்று சங்கம் வைத்து அடிபடுகிற சனம் நாங்கள். அவரோ ஞாயிறு தவறாமல் சேர்ச்சில் பூசைக்குப் போகிறவர். உடனே தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், மடையன்.

மூன்றாம் வருடம் கேஸ் வென்றது. கடிதம் வாங்கப் போன இடத்தில் லோயரிடம், இனி யூனியனில் சேரலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எப்போதும் சேர்ந்திருக்கலாமே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்றார். வீட்டுக்கு வந்து அண்ணையில் பாய்ந்தேன். "அப்ப எங்களுக்கு என்ன தெரியும் தம்பி" என்றார் அவர். அதற்குமேல் என்ன கேட்க ஏலும்? நானும் நம்பியவன்தானே.

திங்கட்கிழமை கன்டீனில் பொறுப்பாளரைப் பிடித்தேன். உங்கள் படிவம் இன்னும் இருக்கிறதா என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

போன மாதம்தான் மின்வேலைக்கு இரண்டு பேரைச் சொந்த ஆட்களாக எடுத்தார்களாம். அதில் ஒருவனுக்கு மோட்டர் கழற்றக் காட்டிக்கொடுத்ததே நான். இனி ஆள் எடுப்பதில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

"எடுக்கவேண்டிய ஆட்களில் முதலில் உன் பெயரைத்தான் எழுதினேன்" என்றார். "பிறகு நானே வெட்டினேன். உன்னைக் கேட்டால் வேலைக்கும் கடவுளுக்கும் நடுவில் நீ கிடந்து அல்லாடுவாய். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று விட்டேன்."

அவரைத் திட்டவும் முடியவில்லை. இவ்வளவு மரியாதையை இந்த நாட்டில் எனக்கு வேறு யாரும் தந்ததில்லை.

"இப்போது உன் சமயம் விடுகிறதா?" என்று கேட்டார். குரலில் நக்கல் துளிகூட இல்லை. பொய் சொன்னேன் என்று சொல்லலாம். இல்லாவிட்டால், கார்டுக்காகக் கடவுளை விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். இரண்டுக்கும் வாய் வரவில்லை.

படிவத்தைத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்டேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "அவரை வரச் சொல், பார்ப்போம்" என்றார்.