‘ம்’முக்கு மேலே இருந்த குத்து

போன வருஷம் மாகாணத் தெரிவில் நிதுஷா எறிந்த பந்து ஒன்றுகூட வளையத்துக்குள் போகவில்லை.

கூடைப்பந்து பழக்குகிற தொழிலில் இதுதான் வினை. பிள்ளை ஓடினால் கெட்டிக்காரி என்பார்கள். துள்ளினால் தாய்தகப்பன் குடுத்த உயரம் என்பார்கள். எறிந்த பந்து விழாவிட்டால் மட்டும் “கோச் ஆர்?” என்று கேட்பார்கள். நீங்களும் வெய்யிலில் நின்று விசில் ஊதுகிற ஆளென்றால் வாசியுங்கள். உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கையில் இருக்க வேணுமாம்

எங்கள் தீவில் கரப்பந்து பழக்குகிறவர் தவம். என்னோடு படித்தவர். அவருக்கு ஒரு கொள்கை: குறி பார்த்து எறிவது பிறப்பில் வரவேண்டும், பழக்கி வராது. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. உயரத்தைத்தான் பழக்க ஏலாது. எறிவதைப் பழக்கலாம். முழங்கையை உள்ளே வை. மணிக்கட்டை மடக்கு. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எறி. இதில் பிறப்புக்கு என்ன வேலை?

மடத்துவெளியிலிருந்து சைக்கிளில் வருகிற நிதுஷாவைப் பிடித்தேன். நெடுவல், நல்ல உயரம். ஓட்டத்தில் பெடியங்களும் கிட்ட வர ஏலாது. எறிந்தால் மட்டும் கிணற்றடியில் வாளித் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருக்கும். அவளுக்கு மாகாண அணிக்குப் போக ஆசை. அங்கே ஓடத் தெரிந்தவர்கள் நிறைய. எறியத் தெரிந்தவர்கள்தான் இல்லை. முதல் மாதம் முழுக்க முழங்கையோடு மல்லுக்கட்டினேன். இப்போது எப்படி என்று கேட்டேன்.

“முழங்கை சரி சேர். இனிப் பந்துக்குத்தான் வழி தெரிய வேணும்.”

ஆடு வாசிக்கும்

வளையம் பூட்டியிருந்த பழைய பலகை உப்புக்காற்றில் உக்கிப் போயிற்று. கனடாவில் இருக்கிற குகன் புதுப் பலகை போட்டுத் தந்தார். தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து காலமான தகப்பனின் ஞாபகார்த்தம். நல்ல பலகை, கெட்டியான வளையம். குறை சொல்ல ஏலாது, பெயரைத் தவிர. வளையத்துக்கு மேலே பலகையில் ஒரு சதுரம் கீறியிருக்கும், பந்து பட்டுத் தெறித்து உள்ளே விழுவதற்கு. அந்தச் சதுரத்துக்குள்ளேயே சிவப்புப் பெயின்ற்றில் தடித்த எழுத்தில் ‘ஏரம்பு’. ‘அமரர்’, ‘ஞாபகார்த்தம்’ எல்லாம் வெளியே, சின்னதாக.

தொலைபேசியில் சொன்னேன்: தம்பி, பெயரைக் கம்பத்தில் போடுவோம், இதில் போட்டால் பிள்ளைகளின் கண்ணை இழுக்கும் என்று. குகன் யோசிக்கவே இல்லை.

“கம்பத்திலை போட்டா ஆடுதான் மாஸ்டர் வாசிக்கும்.”

எழுத்தில்லை

அந்தப் பலகையில் நிதுஷா எறியப் பழகினாள். சும்மா பழக்கம் இல்லை. வலப்பக்கம் நின்றாலும் விழும், இடப்பக்கம் நின்றாலும் விழும். நேர் எதிரே கோட்டில் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ என்றால் நான் பார்க்காமல் திரும்பி நிற்பேன்; விழுந்தது தெரிய வலையின் சத்தம் காணும். தவத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தன் வலையடிக்குப் போனார். அன்று குடித்த, பால் விடாத பிளேன்ரீயும் நல்லாயிருந்தது.

பிறகுதான் யாழ்ப்பாணத்தில், முதலில் சொன்ன அந்தத் தெரிவு. கண்ணாடிப் பலகை, வெறும் வெள்ளைச் சதுரம். பிள்ளை எறிகிறாள், பந்து தெறித்து வெளியே வருகிறது. திரும்ப எறிகிறாள், திரும்ப வருகிறது. தெரிவு செய்ய வந்த மிஸ் நல்ல மனுஷி. ஓட்டம் இருக்கிறது, எறிய வந்தால் அடுத்த முறை எடுக்கலாம் என்றார். அதுதான் கடைசி முறை, அதற்குப் பிறகு வயது போய்விடும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் அழுது முடித்த பிறகு பிள்ளை வாய் திறந்தாள். வலப்பக்கம் நின்றால் ‘பு’வில் அடிப்பாளாம். இடப்பக்கம் என்றால் ‘ஏ’. ஃப்ரீ த்ரோவுக்கு ‘ம்’முக்கு மேலே புள்ளியாக இருக்கிற குத்து.

“அங்கை எழுத்தே இல்லை சேர்.”

கனடாவுக்கு முதலில் தெரியும்

எழுத்தைப் பாராதே, வளையத்தைப் பார் என்றேன். ஓம் என்றாள். கண் குத்துக்குத்தான் போனது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி என்று படிப்பித்தவனே நான்தானே.

பெயரை அழிக்க எனக்கு உரிமை இல்லை. பழைய பெட்ஷீற் ஒன்றைக் கட்டி மூடினேன். ஆரோ படம் எடுத்து அனுப்பிவிட்டான். பொழுதுபட முதல் கனடாவிலிருந்து ரெலிபோன் கோல். பிள்ளைக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று விளங்கப்படுத்தினேன். குகன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

“செத்தவீட்டிலை அப்பாவை ஒருக்கா மூடினது காணாதோ மாஸ்டர்?”

பெட்ஷீற்றை அவிழ்த்தேன்.

வாயால் சொல்லாத பெயர்

கோயில் திருவிழாவுக்குக் குகன் வந்தார். தாய் சிவபாக்கியம் அக்காவையும் கூட்டி வந்தார். மைதானத்தில் கதிரை போட்டு இருத்தினோம். குகன் கேட்டதற்காக நிதுஷாவை எறியச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை. ஒவ்வொரு பந்தும் ‘ஏரம்பு’வில் படாரென்று பட்டு உள்ளே விழுந்தது. குகன் கைதட்டினார். அக்கா தட்டவில்லை. எழும்பிப் போய்ப் பிள்ளையின் கையிலிருந்த பந்தை வாங்கினார்.

“கலியாணம் கட்டின நாள் தொட்டு அந்த மனிசன்ரை பேரை நான் வாயாலை சொன்னதில்லை. நீங்கள் பந்தாலை மொத்துறியள். அழியுங்கோ” என்றார்.

“அம்மா, கம்பத்திலை போட்டா ஆடுதான் வாசிக்கும்” என்றார் குகன்.

அக்கா மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“வாசிக்கட்டும். ஆடு அவருக்குப் பந்தாலை எறியாது.”

ஆர் சொன்னது

அடுத்தநாள் காலமை வெள்ளைப் பெயின்ற். குகன்தான் அடித்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஏரம்பு கம்பத்துக்கு இறங்கினார்.

நிதுஷாவுக்கு முதல் ஒரு கிழமை முழுக்க ஒன்றும் விழவில்லை. பலகையை மறந்துவிடு, வளையத்தின் முன்விளிம்பைப் பார் என்றேன். அது எந்த ஊரிலும் இருக்கும். கை ஏற்கெனவே பழகின கை. கண்தான் இடம் மாற வேண்டும். பார்க்க வேறொன்றும் இல்லாதபடியால் மாறியது. அடுத்த தெரிவில் பந்து கண்ணாடியில் படவே இல்லை, வலை மட்டும் ஆடியது. அணிக்கு எடுத்துவிட்டார்கள்.

நேரே தவத்திடம் போனேன். பழக்கி வராது என்றீரே, இப்போது என்ன சொல்கிறீர் என்று கேட்டேன். கரப்பந்து வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“அவளுக்குக் கையிலை இருக்கெண்டு நான் அப்பவே சொன்னனான்.”

ஆக, எறிய வைத்தது பிறப்பு என்கிறார் தவம், பலகை என்கிறது கனடா, பயிற்சி என்கிறேன் நான். பிள்ளையின் கண்ணை எழுத்திலிருந்து கழற்றி எடுத்தது, பந்தாட்டம் என்றால் என்னவென்றே தெரியாத சிவபாக்கியம் அக்கா.