சூட்டுப் பெட்டியில் இட்லி மாவு

கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் என்னை வட்டவடைக்கு மேலே மலையில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கூட்டிப் போனார். எழுபதுகளின் நடுவில். உருளைக்கிழங்கும் பீன்ஸும் பனியைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. நான் தாங்குவேனா என்று ஒருத்தரும் கேட்கவில்லை! ஆறு ஆம்பளைகள், பொம்பளை நான் ஒருத்தி, வாரத்துக்கு ஒரு ஜீப்.

மார்கழியில் விடிந்தால் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்திருக்கும். கீழே சித்தூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு அழுகை அழுகையாக வரும். அதைவிட ஆத்திரம், மாவு பொங்காதது. இட்லி அவித்தால் கல்தான். "ஏனம்மிணி, இத வெச்சு செவுரு கட்டலாமாட்ட இருக்குது" என்று இவரே கிண்டல்.

பண்ணை ஆபீசர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். தென்துருவத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் நடுக்குளிர்காலத்தில் விருந்து கொண்டாடுவார்கள் என்று எதிலோ படித்துவிட்டு, பண்ணையிலும் அதை வழக்கமாக்கியிருந்தார். வருஷத்திலேயே பகல் குறைந்த நாளில் மத்தியான விருந்து. ஆளுக்கொரு பலகாரம், அவரவர் ஊர்ப் பக்குவம், சொந்தக் கையால். அவர் மட்டும் வருஷா வருஷம் அப்பளத்தைக் கருக்குவாராம்.

"நான் இட்லிங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வந்ததே எனக்குக் கோபம்! "இட்லி பூவாட்ட வரலீன்னா, மறுநா ஜீப்புலயே எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேனுங்க. அப்புறம் வரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன். இவர் முகம் தொங்கிப்போனது.

விருந்தன்று காலையில் பார்த்தால் பொதுச் சமையலறையில் மாவுப் பானையைக் காணோம். இவரைக் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார். தேடித் தேடி, கடைசியில் விதை முளைக்கவைக்கும் சூட்டுப் பெட்டி முன்னால் போய் நின்றேன். மண்ணெண்ணெய் விளக்கு எரியும் அதுதான் அந்த மலையிலேயே கதகதப்பான இடம். ஆபீசரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. டீ ஆறாமலிருக்க உள்ளே வைத்த வாட்ச்மேனோடு ஒரு வாரம் பேசாமலிருந்த மனுஷர்.

கண்ணாடிக் கதவுக்குள்ளே என் பானை! மாவு பொங்கி, மூடியைத் தள்ளி வழிந்துகொண்டிருந்தது. ஐயய்யோ, விதையெல்லாம் எங்கே? திரும்பினால், விதைத் தட்டுகள் மேஜைமேல் ஆபீசருடைய கம்பளிக்குள் பத்திரமாகப் பொதிந்திருந்தன.

அன்றைக்கு இட்லி பஞ்சு. கிண்டல் செய்தவர்களே தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சார், இந்த வருஷம் அப்பளம் கருகலையா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"இன்னிக்கு நேக்கு வேற ஜோலி இருந்தது."

பரிமாறும்போது மெல்லக் கேட்டேன். "ஏனுங்க சார், வெதை கெட்டுப்போச்சுன்னா?"

அவர் நிமிரவில்லை. இட்லியைப் பிட்டபடியே சொன்னார். "விதை இன்னொரு தடவை போட்டுக்கலாம்மா. போன வருஷம் என் ஆத்துக்காரி இதே ஜீப்லதான் மலை இறங்கிப் போனா. அப்போ நேக்கு இந்தப் புத்தி தோணலை."

கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். மறுநாள் ஜீப்பில் காலி மண்ணெண்ணெய் டின்கள் மட்டும்தான் இறங்கிப் போயின.