ஜெருசலேம் தெரிந்த கோயில் படி

காலை 5.45. பதுளை ரயில் நிலையத்தில் பனி இன்னும் விலகவில்லை. பண்டாரவளைக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு 120 ரூபாய். கையில் ஒரு பை, தோளில் ஒரு சால்வை, பைக்குள் என்னைத் தங்கவைத்தவர்கள் கட்டிக்கொடுத்த தோசைப் பொட்டலம். பதுளைக் கடைவீதியில் மூன்று தலைமுறையாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம் அது. பூர்வீகம் லால்குடி பக்கம். நான் ஸ்ரீரங்கத்துக்காரி என்றதும், பக்கத்துத் தெருப் பெண் வந்ததுபோல் உபசரித்தார்கள்.

முந்தின நாள் மாலை அந்த வீட்டம்மா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் புஷ்பராணி என்ற பெண் ஐந்து வருடம் ஜெருசலேமில் வேலை பார்த்தவளாம். அவள் பார்த்துக்கொண்ட வீட்டுக்காரி, அங்குள்ள யூதர்களின் புனிதச் சுவரின் முன்னால் பெண்களும் வேதச் சுருளைக் கையில் ஏந்திப் படிக்க வேண்டும் என்று மாதாமாதம் போய் நிற்பவளாம். அவளுடைய பன்னிரண்டு வயது மகள் நாளைக் காலை அங்கே முதல்முறையாகப் படிக்கப் போகிறாளாம், அந்த வயதில் அது அவர்களுக்கு ஒரு சடங்காம். புஷ்பராணி அதைப் போனில் பார்க்க அரை நாள் லீவு போட்டிருக்கிறாளாம். நான் எல்ல என்ற ஊரிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போவதாக இருந்தேன். பாலம் எங்கேயும் ஓடிவிடாது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டேன். அந்த அம்மாவே போன் போட்டு, என்னை எதிர்பார்க்கும்படி புஷ்பராணியிடம் சொல்லிவிட்டார்.

ஹாலிஎல தாண்டியதும் வெளிச்சம் வந்தது. தெமோதரையில் ரயில் ஒரு வேடிக்கை காட்டும். ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, அதே சுரங்கத்தின் தலைமேல் கட்டியிருக்கும் நிலையத்தில் போய் நிற்கும். சன்னலோரம் இருந்த ஒரு வெளிநாட்டு ஜோடி அதைப் படம் பிடித்தது. எதிரே இருந்த அம்மாள் கீரைக்கட்டுகளைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்கினார்.

7.10. பண்டாரவளை. ஒரு டீ, நிலையத்து வெளியே ஐந்து நிமிட நடை, பூனாகலை பஸ். கட்டணம் 110 ரூபாய். பதினெட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றார் நடத்துனர், ஆனால் வளைவுகள் அந்தக் கணக்கில் சேராது என்றும் சொன்னார். உண்மைதான். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நான் முன்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன்.

8.35. பஸ் நின்ற இடத்தில் புஷ்பராணி காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, வேகமான நடை. துவைத்து மடித்த சேலை, மேலே ஆண்கள் போடும் ஸ்வெட்டர். லயம் என்ற தொழிலாளர் வரிசையில் இருந்த அவருடைய வீட்டில் பிளேன் டீயும் ரொட்டியும் கொடுத்தார். சுவரில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ: சக்கர நாற்காலியில் நரைக்கத் தொடங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண், அவள் மடியில் பல் விழுந்த ஒரு சிறுமி. ரூத், நோவா என்று அறிமுகப்படுத்தினார். ரூத்துக்கு நரம்பு நோய், இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. புஷ்பராணி போனபோது நோவாவுக்கு ஐந்து வயது. தலை வாரி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் இவர்தான். விசாக் காலம் முடிந்ததும் திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டு வருடமாக மறுபடி கொழுந்து பறிக்கிறார்.

நான் தொணதொணவென்று கேள்வி கேட்பவள். அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று தொடங்கினேன். பெரிய பெரிய கல், அவ்வளவுதான் என்றார். கல் இடுக்கிலெல்லாம் ஆளாளுக்குத் தங்கள் வேண்டுதலைக் காகிதத்தில் எழுதிச் செருகியிருப்பார்களாம். நடுவில் ஒரு தடுப்பு. ஆண்கள் பக்கம் பெரிது, பெண்கள் பக்கம் சிறிது. ஆண்கள் பக்கத்தில் வேதச் சுருள்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. பெண்கள் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் விடமாட்டார்கள். மகன் முதல்முறை படிக்கும் நாளில் தாய்மார்கள் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்களாம். பெண்களும் சேர்ந்து தங்கள் முறைப்படி கும்பிடத் தனியாக ஒரு மேடை ஓரமாக இருக்கிறதாம். ரூத் அங்கே போகமாட்டாள். எல்லோரும் வருகிற இடத்தில்தான் நிற்பேன் என்பது அவள் பிடிவாதம்.

ஒவ்வொரு அமாவாசையும் கழிந்து பிறை தெரியும் மாதப் பிறப்பில், ரூத்தும் இன்னும் நூறு பெண்களும் காலை ஏழு மணிக்கு அங்கே கூடுவார்கள். நாற்காலியைத் தள்ளுவது புஷ்பராணி. முதல் மாதம் ரூத், முழங்கை நீளமுள்ள ஒரு சின்னச் சுருளை வெல்வெட் உறையோடு எடுத்து நீட்டி, இதை உன் உடம்போடு கட்டி மறைத்துக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாளாம். வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பெண்களைக் காவலர்கள் சோதிப்பதில்லை. பிடிபட்டால் விசா போகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாளாம். புஷ்பராணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பயம் விசாவைப் பற்றி அல்ல.

"எனக்கு அன்னைக்கு மூணாம் நாளுக்கா. தலைக்கு ஊத்தல. இங்கன நம்ம கோயில் பக்கங்கூடப் போகமாட்டோம், சாமி பொஸ்தகத்த எப்பிடித் தொடுறது? எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தைய வச்சிச் சொன்னேன். ரூத் மொதல்ல சிரிச்சிச்சு. அப்புறம் பேசாம இருந்துச்சு. இதுக்குத் தீட்டே கெடையாது, யாரு தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு எங்க பழைய ஆளுங்களே எழுதி வச்சிருக்காங்கன்னுச்சு. அப்ப ஏன் ஒங்கள தொடவிட மாட்டேங்கிறாங்கன்னு கேட்டேன். அதத்தான் நானும் முப்பது வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்னுச்சு."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றி முரட்டுத் துணி ஒன்றை வரிந்து கட்டுவார்கள், செடிகள் கிழிக்காமல் இருக்க. படங்கு என்று பெயர். போர்வை ஒன்றை அப்படியே வரிந்து கட்டி, அதற்குள் சுருளை வைத்து, மேலே இந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காவலைத் தாண்டினாராம் புஷ்பராணி. பிறகு எத்தனை மாதம் அப்படிப் போனார் என்று கேட்டேன். பதிலுக்கு டீயை ஊற்றினார்.

எதிர்ப்பவர்கள் எல்லாம் கெட்டவர்களா என்றும் கேட்டேன். அப்படி இல்லை என்றார். விடிகாலையில் தினமும் வந்து உதடு மட்டும் அசைய அழுது கும்பிடும் ஒரு வயதான பெண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும். குளிரில் நிற்கிறாயே என்று கையுறை கொடுத்தவள். எங்கள் அம்மா, பாட்டி எல்லாம் இங்கே இப்படித்தான் சத்தமில்லாமல் கும்பிட்டார்கள், நீங்கள் வந்து எங்கள் அமைதியைக் கெடுக்கிறீர்கள் என்று அவள் ரூத்திடம் வருத்தப்பட்டாளாம். அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது என்றார் புஷ்பராணி. என் கேள்விகள் அங்கே கொஞ்சம் தடுமாறின.

9.15. லயத்தில் சிக்னல் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் படியில்தான் நாலு கோடு வரும். ஏறிப் போனோம். தேத்தண்ணி இடைவேளைக்கு மலையிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பெண்கள் கூடையை வைத்துவிட்டு எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இரண்டு மாதமாக நோவா தன் பாடத்தைப் போனில் புஷ்பராணிக்குத்தான் படித்துக் காட்டியிருக்கிறாள். இவர் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தபடியே கேட்டிருக்கிறார். கங்காணி இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறார். அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாடத்தில் என்றேன். மாதப் பிறப்புக்குக் கோயிலுக்குக் கொடுக்கவேண்டிய மாடு, ஆட்டுக்குட்டி, மாவு, எண்ணெய் எல்லாம் சொல்லியிருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இத்தனை வருடச் சண்டை?

9.40. அழைப்பு வந்தது. அங்கே காலை ஏழு பத்து. திரையில் முதலில் யாருடைய தோளோ தெரிந்தது, பிறகு கற்கள், பிறகு ரூத்தின் முகம். அவள் பேசப் பேசப் புஷ்பராணியின் முகம் சுருங்கியது. எங்களுக்குத் திரும்பிச் சொன்னார்: இப்போதுள்ள வேலைக்காரப் பெண்ணை வற்புறுத்த ரூத்துக்கு மனமில்லை. சுருளை நாற்காலிப் பையிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். வாசலில் பையைச் சோதித்து எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாமாம். சுருள் இல்லாமல் படிக்கமாட்டேன் என்று நோவா அழுகிறாள்.

போன் கைமாறியது. வெள்ளைச் சால்வை போர்த்திய ஒரு மெலிந்த சிறுமி, மூக்கு சிவந்திருந்தது. எங்களோடு உட்கார்ந்திருந்த தங்கமா, புள்ள வளந்திருச்சே என்றாள். புஷ்பராணி எபிரேய மொழியில் இரண்டு மூன்று வாக்கியம்தான் பேசினார், அதட்டுகிற குரல். நோவா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். பிறகு தலையாட்டினாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா எனக்குப் படிச்சுக் காட்டுனியே, அப்ப ஒங்கையில சுருளா இருந்துச்சுன்னு கேட்டேன். காயிதத்தப் பாத்துத்தான படிச்ச? அதப் படி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னேன்."

யாரோ ஒரு புத்தகத்தை நோவாவின் கையில் விரித்து வைத்தார்கள். பெண்கள் வட்டமாக நெருங்கி நின்றார்கள். அவள் வாய் திறந்ததும் விசில் தொடங்கியது. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாது. போனின் சின்ன ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்கள் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். கத்தினார்கள்தான். ஆனால் போன் திரும்பியபோது, விசிலை வாயில் வைத்து ஊதுபவர்கள் நீலச் சட்டையும் பின்னலுமாக நோவா வயதுப் பிள்ளைகள்.

"விசிலடிக்கிறதும் பொம்பளப் புள்ளைங்கதானே?" என்றாள் தங்கமா.

"ஆமா. இதுக்குன்னே பள்ளிக்கூடத்துலேருந்து பஸ்ஸுல கூட்டியாருவாங்க" என்றார் புஷ்பராணி.

நோவாவின் உதடு அசைந்தது. ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் போனைக் காதில் வைத்து அழுத்தினார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு திரையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்த உதடுகளைப் பார்த்தபடி, தானே சொல்ல ஆரம்பித்தார். மெல்லத் தொடங்கி, உரக்க. இழுத்து, ஏற்றி, இறக்கி, ஒரு ராகத்தில். இரண்டு மாதம் கொழுந்துக்காட்டில் கேட்டுக் கேட்டுப் படிந்தது அத்தனையும், ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அர்த்தம் சொல்லச் சொன்னால் மாடும் மாவும் தவிர அவருக்குத் தெரியாது. அங்கே விசிலில் மூழ்கியது இங்கே மாரியம்மன் கோயில் படியில் முழுசாகக் கேட்டது. ஒளிக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

நோவா புத்தகத்தை மூடினாள். பெண்கள் அவள்மேல் மிட்டாய் வீசினார்கள். ரூத் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தோடு படம் உறைந்து நின்றுவிட்டது. பெண்கள் எழுந்து கூடையை மாட்டினார்கள். இந்த வருடத் திருவிழாவுக்கு இதே மாதிரி நீயே மந்திரம் சொல்லிவிடு, பூசாரிக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஒருத்தி கேலி செய்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தங்கமா மட்டும் சிரிக்காமல், ஏன், சொன்னா என்ன என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

11.10. திரும்பும் பஸ்ஸுக்காக நின்றோம். இத்தனை நேரமும் கேட்டது நான், இப்போது புஷ்பராணியின் முறை. உங்கள் ஊர்க் கோயிலில் பெண்கள் சத்தமாகப் படிக்கலாமா என்று கேட்டார். மார்கழி விடியற்காலையைப் பற்றிச் சொன்னேன். ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று கோஷ்டியாகப் பாசுரம் சேவிப்பார்கள், நாங்கள் பின்னால் கைகூப்பி நிற்போம். அந்த முப்பது பாட்டும் எனக்கு ஆறு வயதிலிருந்து மனப்பாடம். வீட்டில் சமைக்கும்போதுகூடப் பாடுவேன். அவற்றைப் பாடி வைத்ததே ஒரு பெண்தான்.

"பின்ன கோயில்ல நீங்களும் சேந்து சொல்றதுதானே? யாரு தடுக்குறாங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"யாரும் தடுத்ததில்லை" என்றேன். "ஐம்பது வருஷமா நானாத்தான் சும்மா நிக்கிறேன்."

பஸ் வளைவில் தெரிந்தது. புஷ்பராணி என் பையை எடுத்துக் கொடுத்தார்.

"அங்கன அம்புட்டுப் பேரு விசிலடிச்சும் அந்தப் புள்ள வாய மூடல. ஒங்களுக்கு வாய மூட ஒரு விசில்கூடத் தேவப்படலையேக்கா."

குத்திச் சொல்லவில்லை. வியப்பாகத்தான் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏறி உட்கார்ந்து, 110 ரூபாயை நடத்துனரிடம் நீட்டினேன்.