என் மகளுக்கு வைத்த தனித் தட்டு

எட்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றில் புண் என்றால் வீட்டில் எவர் நம்பினார்கள்? "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கா" என்றார்கள். பிறகு குடல் விழுந்துவிட்டது என்று பசுவந்தனையில் குடல் தட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோய், எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிட்டார்கள். பிள்ளை கறுப்பாக வாந்தி எடுத்த பிறகுதான் தூத்துக்குடிக்கு ஓடினோம். வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பையில் கிருமி இருக்கிறது, புண்ணுக்கு அதுதான் காரணம் என்றார். இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தோம். வலி நின்றது. தோசையைக் கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் கணவரின் அண்ணன் மனைவி விடவில்லை. எல்லாரும் ஒரே வீடுதான். "ரத்தத்தைப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்று கோவில்பட்டியில் ஒரு லேபுக்கு அவரே கூட்டிப்போனார். அந்தக் கிருமிக்கு எதிரான பொருள் ரத்தத்தில் இருக்கிறது, பாசிட்டிவ் என்று வந்தது. அன்று சாயங்காலமே என் மகளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அவர் மகளும் என் மகளும் ஒரே தட்டில் அடித்துப் பிடித்துத் தின்று வளர்ந்தவர்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நேரே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதை யாரும்மா எடுக்கச் சொன்னா? கிருமி ஓடிப்போச்சு. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கின பொருள்தான் இன்னும் ரத்தத்துல நிக்குது. கள்ளன் போனதும் காவல்காரனும் போயிருவானா?"

மலத்தையும் சோதித்துப் பார்த்து, கிருமி இல்லவே இல்லை என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். "ஏட்டி, டாக்டர் ஆயிரம் சொல்லுவாவ. ரத்தம் பொய் சொல்லுமா? நானும் பிள்ளை வச்சிருக்கேம்லா" என்றார் அண்ணன் மனைவி.

"அப்ப வாங்கக்கா, உங்க ரத்தத்தையும் எடுப்போம். எல்லாரும் ஒரே பானைத் தண்ணிதான குடிக்கோம்? எடுத்துப் பாத்தா நம்ம வீட்டுலயே பல பேருக்கு இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாவ. யாராருக்கு இருக்கோ, அவியளுக்கெல்லாம் நானே தட்டு வாங்கியாரேன்!"

என் வீட்டுக்காரர், "சரி விடு, சத்தம் போடாத" என்றார். யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து! எனக்கு வாயில் நன்றாக வந்திருக்கும். அந்தத் தட்டை எடுத்து எருக்குழியில் வீசினேன்.

மறுநாள் அந்த அக்காவின் மகள் கொய்யாக்காயைச் சட்டைக்குள் பொதிந்து காக்காக்கடி கடித்து, பாதியை என் மகளிடம் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம். உனக்கும் வந்துரும்" என்றாள்.