ஆடியில் பதிவான ஆல்பம்

மாமாவின் ராக் இசைக்குழு தன் இரண்டாவது ஆல்பத்தை எங்கள் கல்யாண மண்டபத்தில்தான் பதிவு செய்தது. ஆடி மாதத்தில் திருவரங்குளத்தில் யார் கல்யாணம் வைக்கப் போகிறார்கள்? சும்மா பூட்டிக் கிடப்பதற்கு மச்சினனாவது கத்திக்கொள்ளட்டும் என்று அப்பா சாவியைக் கொடுத்துவிட்டார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் காலி செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவின் தம்பியான மாமா கிடார் வாசித்துப் பாடுவார். டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய பள்ளித் தோழர். எனக்கு அவர் டிரம்ஸ் மாமா. மணமேடையில் டிரம்ஸ் ஏறியது. எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கியது. முதல் ஆல்பத்தைப் போட்டாலே எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் அதிரும். இது அதைவிடப் பலமாக இருக்கும் என்று டிரம்ஸ் மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு வயதில் வேறென்ன வேண்டும்?

ஆனால் பாட்டுகள் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே போயின. மாமா கம்பிகளைத் தடவிக் கொடுப்பதோடு சரி. கண்ணை மூடிக்கொண்டு கடல், காற்று என்று முனகுவார். டிரம்ஸ் மாமா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊரில் சில நேரம் மின்விசிறியே நகர்ந்து நகர்ந்துதான் சுற்றும். எல்லாம் லோ வோல்டேஜ் செய்கிற வேலை என்று நான் கண்டுபிடித்து, புகார் கொடுக்கும்படி அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தாரே தவிர புகார் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒரு வியாழக்கிழமை டிரம்ஸ் மாமா பொறுமையிழந்தார்.

“மாப்ள, இது ராக்கா, தாலாட்டா? இப்புடியே போனா நான் கெளம்புறேன். வேற ஆளப் பாத்துக்க.”

“எனக்கு இப்ப இதுதான்டா வருது” என்றார் மாமா.

டிரம்ஸ் மாமா பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குழு உடைந்தே விட்டது என்று நான் அழுதேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. மண்டபத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டிரம்ஸ் மாமா இறங்கினார், பின்னால் அத்தையும் அத்தையின் அம்மாவும். வைகாசியில்தான் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகியிருந்தது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கப்படி அத்தையைக் கடலோரத்துக் கட்டுமாவடிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

“அம்மனக் கும்பிட வந்தோம். அப்புடியே தண்ணி குடிச்சுட்டுப் போவம்னு...” என்றார் அத்தையின் அம்மா, யாரும் கேட்காமலே.

அத்தை கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா கிடாரை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஜமுக்காளங்கள் ஆடின, சமையல்கட்டு அண்டா அதிர்ந்தது. டிரம்ஸ் மாமா பல்லெல்லாம் தெரிய வெளுத்து வாங்கினார்.

அந்தப் பாட்டிலிருந்துதான் ஆல்பம் திசை மாறுகிறது. அமைதியிலிருந்து ஆவேசத்துக்கான துணிச்சலான இசைப் பயணம் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் போன மாதம் படித்தேன். ஜமுக்காளத்தின் பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் நினைவுக்கு வந்தது. அந்த ஆடி திரும்ப வராதா என்று இருந்தது.

அன்று நான் அத்தையிடம் ஓடி, “இம்புட்டு நாளா லோ வோல்டேஜ் அத்தை, இன்னைக்குத்தான் சரியாச்சு” என்றேன். அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டு, என் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கார் கிளம்பும்போது டிரம்ஸ் மாமா அத்தையின் அம்மாவிடம் பணிவாகச் சொன்னார்: “அடுத்த வெள்ளியும் கோயிலுக்கு வாங்கம்மா. இன்னும் பாட்டு பாக்கி இருக்கு.”

அவர்கள் கோயிலுக்கு வருவதற்கும் எங்கள் ஊர்க் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.