அக்காவுக்குக் கொடுத்த மதியம்

ஏரிக் காற்று காகிதத்தைத் தூக்கிப் போடுகிறது. பறக்காமல் இருக்க மேலே ஓர் இரும்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆள்காட்டி விரல் நீளம், கட்டைவிரலைவிடத் தடிமன், ஒரு முனை மட்டும் உருண்டையாக இருக்கும். கையில் எடுத்தால் இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு கனமா என்று இருக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன், மாசமும் வருஷமும் மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் என்றால் இதில் பாதிகூட என் வாயிலிருந்து வராது. நாலு பேர் சேர்ந்து நின்றாலே நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

இந்த இரும்பு என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பழவேற்காட்டு ஏரி ஓரத்தில் எங்கள் குப்பம். மாமனார், மாமியார், அண்ணன் தம்பி இருவர், நாங்கள் இருவர், எல்லாருக்கும் ஒரே அடுப்பு. அக்காவுக்கு வாய் பெரிசு, கை அதைவிட வேகம். அவள் மகன் அப்பாவோடு வலைக்குப் போகத் தொடங்கி, அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு வந்த வயசில்தான் அவள் கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

குப்பத்துக் கடைசியில் ஓட்டு வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் ஒரு சட்டைக்காரப் பெரியவர், ஆங்கிலோ இந்தியர், வாடகைக்கு வந்தார். மெட்ராசில் பெரிய ஓட்டல்களில் பேண்டு வாசித்தவராம், மார்புச் சளிக்கு ஏரிக் காற்று நல்லது என்று யாரோ சொல்லி வந்துவிட்டார். எல்லாரும் மாஸ்டர் என்போம். வெள்ளை வெளேரென்று இருப்பார். சாயங்காலம் டச்சுக்காரன் கல்லறைப் பக்கம் போய்க் கல்லில் வெட்டின எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். "கப்பல் போவும்போது மறந்து விட்டுட்டுப் போன ஆளுடா இவரு" என்று எங்கள் ஆம்பிளைகள் சிரிப்பார்கள். அவர் காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். "ஆமாம்பா, அடுத்த கப்பல் எப்ப?" என்று கேட்பார்.

அக்கா அவருக்கு ஒரு வேளை சமைத்துக் கொடுத்து வீட்டைப் பெருக்கிவிட்டு வருவாள். அங்கே துணி போட்டு மூடின ஒரு சாமான் இருந்தது. நாலு கால் வைத்த நீளமான பலகை, மேலே பத்துக் கம்பி, கீழே தையல் மெஷின் மாதிரி மிதிகள். பெடல் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். வந்த புதிதில் மாஸ்டர் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மெட்டை அதில் வாசிப்பார், பெருக்கப் போகிற அக்காவுக்கு மட்டும்தான் அது கேட்கும். அவர் சம்சாரம் உயிரோடு இருந்தபோது அந்த அம்மாளுக்காக அவரே போட்ட மெட்டாம். பிறகு ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது அவருடைய இடது கை வாதத்தில் விழுந்துவிட்டது. அதோடு துணி போட்டதுதான்.

தூசி தட்டும்போது அக்கா ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளேயிருந்து மாஸ்டர் "அப்படி இல்லம்மா" என்றாராம். அப்படி இல்லை என்றால் எப்படி என்று இவள் கேட்டாளாம். அங்கே பிடித்தது.

அந்த வாத்தியத்துக்கு உடம்பில் சும்மா இருக்கிற இடமே கிடையாது. இடது கையில் இந்த இரும்பைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அழுத்தக் கூடாது. வலது கை விரல்களில் நகம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். இடது கால் மிதியை அழுத்தினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை. முழங்காலுக்குக்கூட வேலை உண்டு. உப்பும் செதிலும் கிழித்த கையோடு அக்கா அதன் முன்னால் உட்காருவாள். இரும்பு ஒரு நூல் தள்ளி நின்றாலும் பூனை கத்தின மாதிரி இருக்கும். "எனக்கு இந்த வயசில இது வருமா மாஸ்டர்?" என்று கேட்பாள். "வயசுக்கு இன்னா, நேரம் இருக்குதா சொல்லு" என்பார் அவர்.

நேரம்தான் இல்லை. விடிகிறதுக்கு முன்னால் படகு வரும், இறாலைப் பிரிக்க வேண்டும். பிறகு சந்தை, தண்ணீர், சமையல். காரப்பொடி மீனையும் நெத்திலியையும் மணலில் காயப்போட்டு, காக்காய் ஓட்டி, திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் வலைக் கிழிசல். மத்தியானம் ஆம்பிளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் ஒன்றுதான் மிச்சம். அப்போது சத்தம் வரக் கூடாது என்று சத்தப் பெட்டிக்குக் கரண்ட்டு கொடுக்காமலே பழகுவாள். கரண்ட்டு இல்லாமல் அது கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக இருக்கும். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

மாஸ்டருடைய மகள் பெங்களூரில் இருந்தாள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்து அப்பாவை அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குள் அந்த மெட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை அவருக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று அக்காவுக்கு வைராக்கியம். "அவரு கையால இனிமே வராதுடி. யார் கையாலயாவது ஒரு தபா கேட்டுட்டுப் போவட்டும்" என்றாள்.

பயமெல்லாம் எனக்குத்தான். அவள் அங்கே போனதும் அவள் பங்கு மீனையும் நானே திருப்புவேன். ஒரு கண் வானத்தில், ஒரு காது வீட்டுக் கதவில். மாமியார் இருமினால் குனிந்து வேகவேகமாக மீனைத் திருப்புவேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் மாஸ்டர் வீட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். அக்கா கையையும் காலையும் பார்த்துக்கொண்டே நிற்பேன், அவள் எங்கே தப்புகிறாள் என்று எனக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் மெட்டு முடிகிற இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. அதற்குள் மீன் நினைவு வந்து நானும் ஓடிவிடுவேன், அவளும் எழுந்து வந்துவிடுவாள்.

எத்தனை நாள் மறையும்? பக்கத்து வீட்டுக்காரி வந்து மாமியாரிடம், "உன் பெரிய மருமவ தொரை வூட்ல கால ஆட்டிக்கினு குந்திக்கினு இருக்கா. எத்தன ஜாக்கெட் தெச்சானு கேளு" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டில் நடந்த கூச்சலை எழுத முடியாது. அக்காவும் விடவில்லை. "நான் இன்னா திருடுனேனா? மத்தியானம் ஒரு பொழுது எனக்குனு இல்லையா?" என்றாள்.

மாமனார் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிற ஆள். எங்கள் ஏரியில் முகத்துவாரத்துக்குக் கிட்டே, இறால் ஓடுகிற இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. முறை வைத்துத்தான் கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாடு அன்றைக்கு இன்னொருவன் வலை இறங்கக் கூடாது. காற்று கிளம்பிப் போக முடியாவிட்டாலும் போனது போனதுதான், மறுநாள் கேட்க முடியாது. வேண்டுமானால் பங்காளிக்குக் கொடுக்கலாம், அதையும் எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். மாமனார் அதையே வீட்டுக்குள் கொண்டுவந்தார். மத்தியானச் சோறு ஆனதிலிருந்து கூரை நிழல் அம்மிக்கல்லைத் தொடுகிறவரை ஒரு நாள் பெரிய மருமகள் பாடு, ஒரு நாள் சின்ன மருமகள் பாடு. பாடு உள்ளவளை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, மற்றவள் மீனைப் பார்க்க வேண்டும். "சம்மதமா?" என்றார். அக்கா தன் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். என் பாடு நாளில் நான் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து மத்தியானத்தில் நான் படுத்தது அப்போதுதான்.

மகள் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே கார் வந்துவிட்டது. மழை வந்தால் ரோடு முழுகிவிடும் என்று பயந்து வந்துவிட்டாளாம். வாசலுக்கே வந்து, "ஆன்ட்டி, அப்பா உங்களப் பாக்காம வண்டியில ஏற மாட்டேன்றார்" என்றாள். சோறு ஆகிவிட்டது, வடகிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, மணல் முழுக்க மீன். அன்றைக்கு என் பாடு.

அக்கா மாமனாரைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டு, "பாடுனா பாடுதாம்மா" என்றார். மாமியார், "காரு காத்துக்கினு நிக்கும், காரப்பொடி காத்துக்கினு நிக்குமா? மீன அள்ளு" என்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா மீன் பக்கம் திரும்பினாள். சத்தியம் செய்தவள் இல்லையா. குனிந்து கூடையை எடுத்தாள். கூடை விளிம்பை அவள் இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்த கையில் இரும்பு வழுக்காதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. மாமனார் எதிரில் நான் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை முயற்சி செய்தேன், காற்றுதான் வந்தது. பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். "இன்னிக்கு என் பாடு. அத அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"யாரு பேசினது?" என்றார் மாமனார்.

"ஊமை பேசுது. அப்புறம் மழ வராம இன்னா பண்ணும்!" என்றாள் மாமியார்.

மாமனார் சிரித்துவிட்டார். "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. செல்லும், போம்மா" என்றார். அக்கா கூடையை என் கையில் திணித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

நானும் மாமியாரும் மீனை வாரினோம். அன்றைக்கு அக்கா பெட்டிக்குக் கரண்ட்டு கொடுத்தாள். குப்பம் முழுக்கக் கேட்டது. தூங்கின ஆம்பிளைகள் எழுந்து தெருவில் நின்றார்கள், ஒருத்தரும் கூச்சல் போடவில்லை. மாமியார் கூடையோடு நிமிர்ந்து, "இன்னாடி இது, யாரோ கூப்பிடறாப்ல இருக்குது" என்றாள். அக்கா வழக்கமாகத் தப்புகிற இடம் வந்தது, வாரின கையை நிறுத்திவிட்டேன். தாண்டிவிட்டாள். இன்னொரு இடம், இரும்பு கொஞ்சம் வழுக்கி மறுபடி நின்றது. தூறல் விழுந்தது. தார்ப்பாயை இழுத்து மூடுகிறோம், மெட்டு நான் கேட்டே இராத பக்கத்துக்குப் போகப் போகிறது, அப்போது கரண்ட்டு போய்விட்டது. பட்டென்று ஒன்றும் இல்லை. மழைச் சத்தம்தான். கடைசி மீன் கூடையைத் தலையில் ஏற்றியாகிவிட்டது. போட்டுவிட்டு ஓட முடியுமா?

நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது கார் திரும்பிவிட்டது. முன் சீட்டில் மாஸ்டர் தலை மட்டும் தெரிந்தது. அக்கா இந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். காரில் இடமில்லை என்று வாத்தியத்தை அவளுக்கே விட்டுவிட்டார்.

"முடிச்சியா அக்கா?"

"ம்."

"கரண்ட்டு போயிடுச்சே?"

"பலகை மேல காத வெச்சிக்கினாரு" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு அவள் வேறு என்னென்னவோ வாசித்தாள். மாமியாரே "அத வாசியேன்" என்று கேட்கிற அளவுக்கு வந்தாள். அந்த மெட்டை மட்டும் அக்கா தொடவே இல்லை. கடைசி எப்படி இருக்கும் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கும் அவருக்குமானதில் நான் மூக்கை நுழைக்கிற மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன். போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். வைக்க இடமில்லை என்று அவள் மகன் வாத்தியத்தை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான்.

இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். காயப்போட மீன் இல்லை, மத்தியானம் முழுக்க என்னுடையது. ஆனாலும் உட்கார்ந்தால் யாரோ இருமுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன். அக்கா தொடங்கின வயசைவிட எனக்கு அதிகம். விரல் மரத்துப்போகிறது. எந்தக் காலையில் எந்தக் கை விழுமோ என்று தினமும் எழுந்ததும் இரண்டு கையையும் மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்து, அந்த மெட்டில் கரண்ட்டு போன இடம்வரை தட்டுத் தடுமாறி வந்துவிட்டேன். அதற்கு மேல் தெரியவில்லை. மிதியை அழுத்தினபடியே இரும்பை எடுத்தால் யாரையோ கேள்வி கேட்ட மாதிரி நிற்கிறது. மிதியை விட்டுவிட்டு எடுத்தால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மாஸ்டர் எப்படி வைத்திருந்தார், அக்கா எப்படி முடித்தாள், எனக்குத் தெரியாது.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். மாஸ்டர் எங்கள் குப்பத்தில் இருந்தது ஒரு வருஷமா இரண்டா என்பது நினைவில்லை. மகள் இருந்தது பெங்களூரா வேறு ஊரா என்பதிலும் சந்தேகம். தெரிந்தவர்கள் திருத்த வேண்டும். மாஸ்டர் வீட்டு மனிதர்கள் யாராவது இதைப் படித்தால் அந்தக் கடைசியை மட்டும் எனக்குச் சரிபார்த்துச் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் நல்லது. அம்மிக்கல் பக்கம் நிழல் வந்துகொண்டிருக்கிறது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு இரும்பை எடுக்கப் போகிறேன். நீங்கள் சொல்கிறவரைக்கும் அந்த இடம் வந்ததும் காலை மிதியிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருப்பேன்.