முதலாளி மணந்து பார்த்த கறிகள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில், சென்ட் லோரன்ட் என்ற இடத்தில், ஒரு சிறிய தையல் தொழிற்சாலையில் பதினான்கு வருடங்கள் இஸ்திரிப்பெட்டியால் காற்சட்டை மினுக்கினேன். முதலாளி வயதான யூதர். மத்தியானத்தில் என் மேசைக்கு எதிரே இருந்துதான் சாப்பிடுவார். அவருடைய மதத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு. என் சோற்றைத் தொடமாட்டார். ஆனால் என் பெட்டியின் மூடியைச் சற்றுத் தூக்கி, கண்ணை மூடி மூக்கால் மணந்து, என்ன கறி என்று சொல்வார். சொன்னது பிழையென்றால் அன்று தரை கூட்டிக் குப்பை அள்ளுவது அவர். சரியென்றால் நான்.

அவர் இறந்த அன்றே அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். "நாளைக்கே அடக்கம். வீட்டில் இருந்த அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் பேசுவார்கள். வேலையில் இருந்த மனிதரை உங்களுக்குத்தான் தெரியும். நீங்களும் பேசவேண்டும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்கள் என்னெண்டு பேசப்போறியள்? பஸ் டிக்கெட் கேக்கவே என்னை அனுப்புற ஆள்!" என்று என் மனைவி சிரித்தாள்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டன். இனி என்ன செய்யிறது?"

"அப்ப எழுதிக்கொண்டு போங்கோ. வெறுங்கையோட போகாதேங்கோ, மலர்வளையம் ஒண்டு வாங்குங்கோ."

இங்கிலீசைத் தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன். வேர்த்த கையில் தாள் நனைந்துவிடும் என்று, அவளே அதை வளையத்தின் பின்னால் ஊசியால் குத்திவிட்டாள்.

அடக்க மண்டபத்து வாசலில் நின்றவர் என் தலையில் ஒரு சின்னத் தொப்பியை வைத்தார். தங்கள் சாவில் பூ வைப்பதில்லை என்று மெதுவாகச் சொல்லி, வளையத்தை வாங்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார். என்னைப் பேசக் கூப்பிட்டபோதுதான் தாளும் போனது நினைவு வந்தது.

முன்னால் ஒரு சாதாரண மரப்பெட்டி. முதல் வரிசையில் முதலாளியின் மனைவி, அந்த அம்மா, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குள் இருந்தது அந்தக் கறிப் பந்தயம் மட்டும்தான். அதையே தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் உண்மையும் வந்துவிட்டது.

"பல நாள் அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் பிழை என்றேன். எனக்குக் கூட்டப் பஞ்சி, ஒரே சோம்பல். நண்டு என்றார் ஒருநாள். கோழி என்று சாதித்துவிட்டேன்."

சிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயோ, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அவருக்குத் தெரியும்!" என்று அந்த அம்மா உரக்கச் சொன்னார். "குப்பை அள்ளியது அவர்தானே! உள்ளே முழுக்க நண்டின் ஓடும் கோதும். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை, ஏழு நாளும், சிரித்தார்!"

மண்டபமே சிரித்தது. அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கல்லறைக்கு வந்தவர்கள் எல்லோரும் குழிக்குள் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சம் மண் போடுவது அவர்கள் வழக்கம். என் முறை வந்ததும் நான் மண்வெட்டியை விடாமல் அள்ளி அள்ளிப் போட்டேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் கூட்டாமல் விட்ட நாட்கள் நிறைய அல்லவா?

எழுதி முடித்தது: 2009 மார்கழி (டிசம்பர்) 6, ஞாயிற்றுக்கிழமை.